வேலூரில் பச்சிளம் மகள்: துணி எடுப்பது முதல் துவைத்து உடுத்துவது வரை

பெண் குழந்தை பிறந்த சேதி உறவுக்காரர்களை எட்டியதும் வீட்டுக்குள் ரோஸ் நிறம் வரத் தொடங்கிவிடும். கண்ணாடித் தாள் ஒட்டிய அட்டைப் பெட்டியில் வலைத்துணி வைத்த கவுன், அதே துணியில் தலைப்பட்டை, பூ தைத்த காலணி என்று ஆளுக்கொன்றாகக் கொண்டுவருவார்கள். நடக்க இன்னும் ஒரு வருடம் இருக்கும் குழந்தைக்குக் காலணி எதற்கு என்று கேட்டால் மனம் கோணும். சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துவிடுங்கள். பிறந்த முதல் மூன்று மாதங்கள் குழந்தையின் உடம்பில் கிடக்கப்போகிற துணி வேறு. அது எப்படி இருக்க வேண்டும், எத்தனை வேண்டும், எங்கே எடுப்பது, எப்படித் துவைப்பது என்பதைச் சொல்கிறேன். வேலூர், காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை என்று பழைய வட ஆற்காட்டில் முதல் முறையாகப் பெற்றோர் ஆனவர்களுக்காக எழுதுவது இது. பெங்களூரில் இருக்கும் தோழி அனுப்பிய பட்டியலை அப்படியே பின்பற்றினால் இங்கே சரிப்படாது. வெயில் விடாது.

முதலில் வெயிலைக் கணக்கில் எடுங்கள்

தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை என்று எங்கள் ஊரைக் கேலி பேசுவார்கள். கேலி ஒருபக்கம் இருக்கட்டும், அந்த மரமில்லாத பாறை மலைகள் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் திருப்பித் தருகின்றன. மே மாதக் கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில், இரவு பத்து மணிக்கும் சுவரில் கை வைத்தால் சுடும். பிரசவித்த தாயையும் குழந்தையையும் அந்த அறையில் வைக்கப் போகிறீர்களா, கீழ் வீட்டில் வைக்கப் போகிறீர்களா என்பதை, துணி வாங்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

பச்சிளங்குழந்தைக்கு வியர்வைச் சுரப்பிகள் முழுதாக வேலை செய்யத் தொடங்கியிருக்காது. போர்வையைத் தானே உதறவும் தெரியாது. அதனால் குளிரும் ஆபத்து, சூடும் ஆபத்து. பாட்டி வீட்டில் குளிருக்குப் பயந்து குல்லா, கையுறை, காலுறை, இரண்டு துணி, மேலே ஒரு டர்க்கி டவல் என்று சுற்றி வைப்பார்கள். பிறந்த ஓரிரு நாளைக்கு அது சரி, குழந்தை வயிற்றுக்குள் இருந்த கதகதப்பிலிருந்து வெளியே வந்திருக்கிறது. அதற்குப் பிறகும், ஏப்ரல் மாதத்தில், அதே கட்டு தொடர்ந்தால் குழந்தை வெந்துபோகும்.

பொதுவான கணக்கு இதுதான்: உங்களுக்கு எத்தனை அடுக்குத் துணி இதமாக இருக்கிறதோ, அதைவிட ஓர் அடுக்கு கூடுதல். நீங்களே பனியனோடு புழுங்கிக்கொண்டிருக்கும் நாளில் குழந்தைக்கு மெல்லிய பருத்திச் சட்டை ஒன்றும் நாப்கினும் போதும். கையையும் காலையும் தொட்டுப் பார்த்து ஜில்லென்று இருக்கிறதே என்று பதற வேண்டாம். பச்சைக் குழந்தைக்குக் கைகால் அப்படித்தான் இருக்கும். நெஞ்சிலும் பிடரியிலும் உங்கள் விரலின் பின்பக்கத்தை வைத்துப் பாருங்கள். இதமான சூடு, ஈரமில்லை என்றால் சரி. பிடரி நனைந்து முகம் சிவந்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். நெஞ்சும் வயிறும் குளிர்ந்திருந்தால் ஓர் அடுக்கைச் சேருங்கள், அல்லது தாயின் மார்போடு வெற்றுடம்பாக அணைத்து மேலே துணி போர்த்துங்கள். அதைவிட நல்ல ஸ்வெட்டர் கடையில் கிடையாது.

வெப்பமானி ஒன்று வீட்டில் இருக்கட்டும். அக்குளில் 97.7 முதல் 99.5 ஃபாரன்ஹீட் வரை இயல்பு. துணியைத் தளர்த்திப் பால் கொடுத்த பிறகும் 100.4-ஐத் தொட்டால், அது ‘உள்சூடு’ என்று வீட்டிலேயே சமாளிக்கிற விஷயமில்லை. முதல் மூன்று மாதங்களில் காய்ச்சல் என்றாலே உடனே மருத்துவமனை. தாகமாக இருக்குமே என்று தண்ணீர் ஊட்டுவதும் கூடாது. வெயில் காலத்திலும் ஆறு மாதம் வரை தாய்ப்பாலே தண்ணீர்.

இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தை, குறை மாதக் குழந்தை ஆகியோருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்குக் குல்லாவும் காலுறையும் எவ்வளவு நாள் வேண்டும் என்பதை மருத்துவரே சொல்வார்.

கடைக்குப் போகும் முன் பீரோவைத் திறங்கள்

குழந்தை பிறக்கும் முன்பே துணி வாங்கக் கூடாது என்று நம் பக்கத்துப் பல வீடுகளில் சொல்வார்கள். முதலில் பழைய துணியைத்தான் போட வேண்டும் என்பார்கள். இரண்டுமே எனக்குப் பிடித்த வழக்கங்கள். காரணம் சாஸ்திரமா, அனுபவமா என்ற ஆராய்ச்சிக்குள் போகவில்லை. பலமுறை துவைத்து நூல் தளர்ந்த பருத்தித் துணிக்கு ஈடான மென்மை எந்தப் புதுத் துணியிலும் இல்லை. புதுத் துணியில் கஞ்சியும் சாயமும் மடிப்புக்குப் போட்ட ரசாயனமும் இருக்கும்.

தாத்தாவின் பழைய நாலு முழ வேட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சட்டென்று உறிஞ்சினால் பருத்தி. முத்துப் போல நின்று உருண்டால் பாலியஸ்டர் கலந்தது, தரை துடைக்கக்கூட உதவாது. பருத்தி என்று தெரிந்ததும் கரையைக் கிழித்து அப்புறப்படுத்துங்கள். ஜரிகையும் கெட்டி நூலும் குழந்தையின் தொடையில் கோடு போடும். கத்தரிக்கோலால் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு, பிறகு கையால் கிழித்தால் நூல் போகிற போக்கில் நேராக வரும். இரண்டடிச் சதுரமாகக் கிழித்தால் ஒரு வேட்டிக்கு ஆறு துண்டு. குறுக்காக மடித்தால் முக்கோணம், அதுதான் நாப்கின். ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டாம், தையல் தடிப்புதான் முதலில் உறுத்தும். தொங்கும் நூலை மட்டும் நறுக்கிவிடுங்கள். அம்மாவின் பழைய பருத்திப் புடவைகள் விரிப்புக்கும் போர்வைக்கும் ஆகும். குடியாத்தத்துக் கைத்தறிக் கைலி நன்றாகத் துவைத்துப் பழசானது இருந்தால் அதுவும் நல்ல விரிப்பு.

இங்கே ஓர் எச்சரிக்கை. பீரோவிலும் டிரங்குப் பெட்டியிலும் அந்துருண்டையோடு கிடந்த துணியை நேராக எடுத்துக் குழந்தைக்குப் போடாதீர்கள். அந்துருண்டையின் நாஃப்தலின் ஆவி துணியில் ஏறி நிற்கும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும் குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையை முற்றச் செய்துவிடும். உங்கள் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே வாசனை வருகிற துணியே வேண்டாம். பாசத்தோடு பாதுகாத்து வைத்த பழைய குழந்தைத் துணிகளில்தான் இந்த வாசனை அதிகம் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எத்தனை வேண்டும்

முன்பக்கம் திறந்து நாடாவால் முடிச்சுப் போடும் ஜப்லா எட்டு அல்லது பத்து. நாப்கின் முப்பது; மழைக்காலப் பிரசவம் என்றால் இன்னும் பத்து. ஐந்தாம் நாளுக்குப் பிறகு நன்றாகப் பால் குடிக்கிற குழந்தை நாளுக்கு ஆறு முறைக்கு மேல் சிறுநீர் கழிக்கும், சில குழந்தைகள் ஒவ்வொரு பாலுக்கும் மலம் கழிக்கும். ஆகவே நாப்கினில் கஞ்சத்தனம் வேண்டாம். சுற்றி எடுக்க மெல்லிய பெரிய துணி நான்கு, பருத்தித் துண்டு இரண்டு, குல்லா இரண்டு, முழுக்கைச் சட்டை இரண்டு, ரப்பர் ஷீட் ஒன்று, கொசுவலை ஒன்று. அவ்வளவுதான். கையுறை, காலுறை ஒவ்வொரு ஜோடி போதும். அரசு மருத்துவமனையில் பிரசவம் என்றால், 2015-இல் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகம் கிடைத்தால் அதில் உடை, துண்டு, நாப்கின், கொசுவலை எல்லாம் இருக்கும். அதைத் திறந்து பார்த்துவிட்டு மிச்சத்தை வாங்கலாம்.

மருத்துவமனைப் பைக்குள் இதில் பாதி போனால் போதும். துவைத்து, காயவைத்து, ஒவ்வொரு ஜோடியாக மடித்துச் சுத்தமான தலையணை உறைக்குள் போட்டுவிடுங்கள். பிரசவ அறை வாசலில் நர்ஸ் வந்து துணி கேட்கும்போது பையைக் கொட்டித் தேடிக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.

கடையில்

துணிக்கு வேலூரில் லாங் பஜார்தான் முதல் நினைவு. காந்தி ரோட்டில், சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள கடைகளில் தமிழ் தெரியாத வெளியூர்க்காரர்களும் சிரமமில்லாமல் வாங்கலாம். வங்காளமும் இந்தியும் கடைக்காரர்களுக்கு அத்துப்படி. காலையில் கடை திறந்ததும் போனால் நிதானமாகத் துணியைப் புரட்டிப் பார்க்கலாம். பிள்ளை பெற்ற தாயை இழுத்துக்கொண்டு போக வேண்டாம். மகளின் அப்பாவும் பாட்டியும் போகட்டும். ஒருவருக்கு விலை கேட்கத் தெரியும், மற்றவருக்குத் துணி தெரியும்.

வயதைச் சொல்லாமல் எடையைச் சொல்லுங்கள். இரண்டே முக்கால் கிலோவில் பிறந்த குழந்தைக்கும் மூன்றரைக் கிலோ குழந்தைக்கும் ஒரே ‘நியூ பார்ன்’ அளவு பொருந்தாது. முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் இறங்கி, இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்குத் திரும்பும். ஐந்து மாத வாக்கில் பிறந்த எடையைப் போல இரண்டு மடங்கு. ஆகவே மிகச் சிறிய அளவில் நாலைந்து போதும், மீதியைப் பூஜ்யம் முதல் மூன்று மாத அளவில் எடுங்கள். சற்றுத் தொளதொளவென்று இருந்தால் காற்று போகும், இந்த ஊருக்கு அதுதான் நல்லது.

துணியின் முன்பக்கத்தைப் பார்த்து மயங்காமல் உள்பக்கத்தைத் திருப்புங்கள். குழந்தையின் உடம்பில் படுவது அந்தப் பக்கம்தான். கழுத்துத் தையலை உங்கள் கன்னத்தில் தேய்த்துப் பாருங்கள். அக்குளில் தையல் தடித்திருக்கிறதா, கழுத்தில் பிளாஸ்டிக் லேபிள் குத்துகிறதா, எம்பிராய்டரிக்குப் பின்னால் சொரசொரப்பான அட்டை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பொம்மை அழகாகச் சிரிக்கும் சட்டையின் உள்பக்கம், பெரும்பாலும் சிரிக்காது. டிச் பட்டனைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். மணி, ஜிகினா, ரிப்பன் பூ, கழுத்தைச் சுற்றும் நீள நாடா இருக்கிற எதையும் தள்ளி வையுங்கள். உதிர்ந்தால் நேராக வாய்க்குள், இழுபட்டால் கழுத்தில்.

துணி வகையில் மெல்லிய பருத்தி நெசவுகளான மல்மல், முஸ்லின், அவற்றோடு திருப்பூர்ப் பருத்திப் பனியன் துணி மூன்றும் நம் வெயிலுக்கு ஏற்றவை. ஃபிளானல் மார்கழிக்கு மட்டும். சாட்டின், வலை, வெல்வெட் கண்ணுக்கு மட்டும். ‘பியூர் காட்டன்’ என்று கடைக்காரர் சத்தியம் செய்தால், வீட்டுக்கு வந்து தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் ஒன்றை எரித்துப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு முத்தாகச் சுருளும். அடுத்த முறை எந்தக் கடைக்குப் போக வேண்டாம் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

நிறத்தில் நான் வெள்ளைக் கட்சி. வெளிர் மஞ்சள், வெளிர் நீலம் வரை இறங்கி வரலாம். வெள்ளைத் துணியில் குழந்தை எதை எந்த நிறத்தில் வெளியேற்றுகிறது என்பது பளிச்சென்று தெரியும், பச்சைக் குழந்தை வீட்டில் அது பெரிய தகவல். அடர் சிவப்புக்கும் நீலத்துக்கும் ஆசைப்பட்டால் ஈரக் கைக்குட்டையால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

தெரிந்த தையல்காரர் இருந்தால் மல்மல் துணி எடுத்துக் கொடுத்து ஜப்லா தைக்கச் சொல்லலாம். தையல் தடிப்பை வெளிப்பக்கம் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். முதலில் விநோதமாகப் பார்ப்பார், பிறகு தைத்துக் கொடுத்துவிடுவார்.

என்ன வாங்கி வர என்று கேட்கும் உறவுகளிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட அளவு, கையில்லாத பருத்தி. நவம்பரில் பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் நிறையும்போது மே மாதம் வரும். அப்போது அந்தக் கம்பளிச் சட்டையை யார் போட்டுக்கொள்வது?

துவைத்து, காயவைத்து, உதறி

புதுத் துணியை இரண்டு முறை அலசிய பிறகே உடுத்துங்கள். நம் பகுதியில் பல வீடுகளில் போர்த் தண்ணீர்தான். உப்பும் கடினத்தன்மையும் அதிகம். சோப்பு நுரைக்கவில்லையே என்று மேலும் மேலும் போடுவோம், அது அலசினாலும் போகாமல் துணியில் தங்கி, காய்ந்தபின் அப்பளம் போல விறைக்கும். சோப்பைக் குறைத்து, அலசும் தண்ணீரைக் கூட்டுங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற வீடாக இருந்தால், கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி எடுத்து வைக்கலாம். மணக்கும் திரவங்களைத் தவிருங்கள். துணியின் உறிஞ்சும் தன்மையைக் குறைப்பதோடு தோலையும் உறுத்தும். கிருமிநாசினி தினமும் தேவையில்லை, நம் வெயிலைவிடப் பெரிய கிருமிநாசினி இல்லை.

மலம் பட்ட துணிக்குத் தனி வாளி. முதலில் வழித்துத் தள்ளி, பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சோப்பு. வெந்நீரை முதலில் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும். பிறந்த இரண்டு மூன்று நாளைக்கு மலம் கரும்பச்சையாகத் தார் போல ஒட்டும். நாப்கின் மாற்றும்போதெல்லாம் குழந்தையின் பிட்டத்தில் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் துடைப்பது எளிது. அதன்பின் வரும் மஞ்சள் கறைக்கு வைத்தியம், ஈரத் துணியை அப்படியே உச்சி வெயிலில் விரிப்பது. மாலைக்குள் கறை மங்கிப்போகும். வேலூர் வெயிலைத் திட்டாமல் வாழ்த்துகிற ஒரே வேளை அது.

கொடி எங்கே கட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். முருங்கை மரத்தடியில் வேண்டவே வேண்டாம். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி மரத்தை மொய்த்திருக்கும், அதன் ரோமம் துணியில் ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாது, குழந்தை உடம்பு தடித்துவிடும். பொழுது சாய்ந்த பிறகு குழந்தைத் துணி வெளியே கிடக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதைத் தட்டாமல் கேளுங்கள். பனியும் பூச்சியும் சேர்ந்தே வரும். உடுத்தும் முன் ஒவ்வொரு துணியையும் உதறுங்கள். பால் வாசனைக்கு எறும்பு மடிப்புக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி காயாமல் ஈர வாடை அடித்தால் இஸ்திரி போட்டு எடுங்கள், சூடு ஆறிய பிறகு உடுத்துங்கள்.

துணியா டயப்பரா

வீட்டில் பாட்டி ஒரு கட்சி, அம்மா ஒரு கட்சியாக இருப்பார்கள். நான் இரண்டுக்கும் நடுவே நிற்கிறேன்: பகலில் துணி, இரவிலும் வெளியே போகும்போதும் டயப்பர். இரவில் குழந்தை தூங்குகிறதோ இல்லையோ, அம்மா தூங்க வேண்டும். டயப்பர் போட்டால் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மலம் என்றால் உடனே. தொப்புள் கொடி விழும் வரை டயப்பராக இருந்தாலும் நாப்கினாக இருந்தாலும் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். கொடி பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் காய்ந்து தானாக விழும்; அதில் பவுடர், சாம்பல், எண்ணெய் எதுவும் வைக்க வேண்டாம்.

தொடை இடுக்கு சிவந்தால் சிறிது நேரம் திறந்துபோட்டுக் காற்றாட விடுங்கள். துத்தநாக ஆக்சைடு கிரீம் தடவலாம். மூன்று நாளில் அடங்காமல் சுற்றிலும் செம்புள்ளிகளாகப் பரவினால் பூஞ்சையாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். பவுடர் மட்டும் போடவே போடாதீர்கள். குளிப்பாட்டி முடித்ததும் வெள்ளை வெளேரென்று பவுடர் அப்பினால்தான் குழந்தைக்கு அழகு என்று நம் ஊரில் ஒரு தீர்மானம் இருக்கிறது. அந்தத் தூள் மூச்சுக்குழலுக்குள் போகும், மடிப்புகளில் வியர்வையோடு சேர்ந்து களிம்பாகித் தோலை அரிக்கும்.

அரைஞாண் கயிறு கட்டுகிற வீடுகளில், அது வயிற்றில் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும். குழந்தை வாரத்துக்கு வாரம் பருக்கும், கயிறு பருக்காது. நனைந்த கயிறு தோலைப் புண்ணாக்கும், அவ்வப்போது மாற்றுங்கள்.

மகள் என்பதால் சில

முதல் வாரத்தில் பெண் குழந்தையின் நாப்கினில் வெள்ளையாகக் கொழகொழவென்றும், சில சமயம் இரண்டொரு சொட்டு ரத்தமாகவும் படலாம். வீடே அலறும். தாயின் ஹார்மோன் குழந்தையின் உடம்பிலிருந்து இறங்குவதால் வருவது அது. சில நாளில் தானே நின்றுவிடும். அதிகமாகப் போனாலோ, பத்து நாளுக்கு மேல் தொடர்ந்தாலோ மட்டும் காட்டுங்கள். அதே காரணத்தால் மார்பு சற்று வீங்கியிருக்கலாம், பால் போலக்கூடக் கசியலாம். குளிப்பாட்ட வரும் பாட்டிகள் அதைப் பிழிந்து எடுக்க வேண்டும் என்பார்கள். கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள். பிழிந்தால் சீழ் பிடிக்கும், பால் சுரப்பிக்குச் சேதம் வரலாம்.

முதல் இரண்டு மூன்று நாளில் செங்கல் தூள் போல ஆரஞ்சுக் கறை படிந்தால் அது ரத்தமில்லை, சிறுநீர் உப்பு. அதற்கு மேலும் தொடர்ந்தால் பால் போதாமல் இருக்கலாம்.

துடைப்பது எப்போதும் முன்னிருந்து பின்னாக. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சு போதும். பின்னிருந்து முன்னாகத் துடைத்தால் மலக்கிருமி சிறுநீர்ப் பாதைக்குள் போகும். அப்பாக்களுக்கு முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டியது இதுதான்.

துணியில் சுற்றும்போது கால்களை நீட்டி இறுக்கிக் கட்டாதீர்கள். இடுப்பு மூட்டு சரியாக அமையாத பிறவிக் குறை ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளுக்கு அதிகம் வருகிறது. கால்களை நீட்டிக் கட்டுவது அதை மோசமாக்கும். ‘கால் வளைந்துவிடும் கண்ணு, நீட்டிக் கட்டு’ என்று பெரியம்மா சொல்வார். பிறந்த குழந்தையின் கால் தவளைக்கால் போல மடங்கித்தான் இருக்கும், அது இயல்பு. மேலே தோளை மட்டும் பதமாகச் சுற்றி, இடுப்புக்குக் கீழே பை போலத் தளர்வாக விடுங்கள். புரளத் தொடங்கியதும் சுற்றுவதையே நிறுத்திவிட வேண்டும்.

வளையல், கொலுசு, பொட்டு எல்லாம் வரிசையாக வரும். கொலுசில் சலங்கை மணி வேண்டாம், உதிரும். வசம்பு வளையல் கட்டினால் கை வாய்க்குப் போகத் தொடங்கும் முன்பே கழற்றிவிடுங்கள். வசம்பு வயிற்றுக்குள் போகக் கூடாது. கண்ணுக்குள் மை இடுவது கூடவே கூடாது, சில மைகளில் ஈயம் இருக்கும். திருஷ்டிக்கு வைத்தே ஆக வேண்டும் என்றால் உள்ளங்காலில் ஒரு புள்ளி வைத்துச் சமாதானம் ஆகிவிடலாம். தலைப்பட்டையைப் புகைப்படம் எடுத்ததும் கழற்றுங்கள்.

காரணம் தெரியாமல் குழந்தை வீறிட்டு அழுதால் பசி, ஈரம், எறும்பு பார்த்த கையோடு விரல்களையும் பாருங்கள். கையுறை, காலுறையின் உள்பக்கத்து நூலோ, அம்மாவின் உதிர்ந்த தலைமுடியோ விரலில் சுற்றி இறுக்கியிருக்கும். விரல் சிவந்து வீங்கியிருக்கும், முடி மட்டும் கண்ணுக்குத் தெரியாது. எளிதில் எடுக்க வரவில்லை என்றால் நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

இரவு

தூங்கும்போது குல்லா வேண்டாம். குழந்தை உடம்பின் சூட்டைத் தலை வழியாகத்தான் நிறைய வெளியேற்றுகிறது. குல்லா நழுவி முகத்திலும் விழும். மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணை, மெத்தைப் பொம்மை, கனத்த போர்வை எதுவும் பக்கத்தில் வேண்டாம். மின்விசிறி ஓடலாம், நேராக முகத்தில் அடிக்க வேண்டாம். குளிர்சாதனம் இருந்தால் 26, 27 டிகிரியில் வைத்து முழுக்கைச் சட்டை போடுங்கள். தூளி இல்லாமல் நம் வீட்டில் குழந்தை வளராது என்பது தெரியும். ஆனால் தூளிக்குள் குழந்தை வளைந்து முகம் புதைந்துவிடக்கூடும் என்பதால் ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஆட்டுங்கள், இரவு முழுக்க அதில் விடாதீர்கள். மழைக்காலத்தில் டெங்குக் கொசு பகலிலேயே கடிக்கும், ஆகவே வலை பகலிலும் வேண்டும். கொசுவுக்கும் ஈரத் தலைக்கும் சாம்பிராணி போடுவதை விட்டுவிடுங்கள், புகை பச்சை நுரையீரலுக்கு ஆகாது.

ஊசி போடும் நாள்

பிறந்ததும் இடது மேல்கையில் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போடுவார்கள். சில வாரம் கழித்து அங்கே கொப்புளம் வந்து, உடைந்து, தழும்பாகும். களிம்பு வேண்டாம், கை இறுக்கமில்லாத சட்டை போட்டால் போதும். ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் தொடையிலும் கையிலும் ஊசி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை கூட்டத்தில் தலை வழியாகக் கழற்றும் கவுனோடு போய் நின்றால் குழந்தையும் அழும், வரிசையும் முறைக்கும். முன்பக்கம் திறக்கிற ஜப்லாவும் ஒரு நாப்கினும் போதும். மாற்று நாப்கின் இரண்டு கையில் இருக்கட்டும்.

பெயர் வைக்கும் நாளும் பெயர் பதியும் நாளும்

அன்றைக்கு மட்டும் பட்டு இல்லாமல் முடியாது. ஆரணி பக்கத்திலேயே இருக்கிறது, தாய்மாமன் சும்மா இருப்பாரா? உள்ளே மல்மல் ஜப்லாவைப் போட்டு, மேலே பட்டுப் பாவாடையை உடுத்தி, தொட்டிலில் போட்டுப் பெயர் சொல்லிப் படம் எடுத்ததும் கழற்றிவிடுங்கள். ஜரிகைக் கரை கழுத்திலும் இடுப்பிலும் நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் எல்லோரும் முத்தம் கொடுக்க வேண்டியதில்லை என்று சொல்ல வீட்டில் கண்டிப்பான ஒருவரை நியமித்துவிடுங்கள். பெரிய அத்தைகள் இதற்குப் பொருத்தம்.

பெயர் சொன்னதோடு வேலை முடியவில்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். மருத்துவமனைப் பிரசவம் என்றால் மருத்துவமனையே தகவல் அனுப்பிவிடும். அனுப்பும் முன், படிவத்தில் அப்பா அம்மா பெயரின் எழுத்துகள் ஆதாரில் இருப்பது போலவே இருக்கின்றனவா என்று ஒருமுறை வாங்கிப் பாருங்கள். குழந்தையின் பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரை வாய்ப்பு உண்டு. 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். முன்னெழுத்தையும் தமிழ் எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் இப்போதே முடிவு செய்துகொண்டு போங்கள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அதன் நகலோடு தபால் நிலையத்துக்குப் போனால் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். பத்து வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். கவுன் வாங்கி வரட்டுமா என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கும் சித்தப்பாவிடம் கணக்கு எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.